துருவக் கடல்பனி: 1979-க்கு முன்னால் நமக்கு என்ன தெரியும்?

கேள்வி இது: "வட துருவக் கடல்பனி வேகமாகக் குறைகிறது என்கிறார்கள். ஆனால் 2012-இல் பதிவான குறைந்த அளவை அதன் பிறகு எந்த ஆண்டும் தாண்டவில்லை. தென் துருவத்திலோ 2014 வரை பனி கூடிக்கொண்டே வந்தது. செயற்கைக்கோள் பதிவுக்கு வயது நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இதை வைத்து நீண்டகால மாற்றம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

கேள்வியில் உள்ள தகவல்கள் மூன்றும் சரியானவை. அதனால்தான் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒரே கருவியால் ஒரே முறையில் அளந்த கடல்பனிப் பதிவு உலகில் எங்கும் கிடையாது. நம்மிடம் இருப்பவை துண்டுகள். வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தேவைக்காக, வெவ்வேறு கருவிகளால் எடுத்தவை. அவற்றை ஒட்டித்தான் நீண்ட பதிவை உருவாக்குகிறார்கள். எந்த ஒட்டு உறுதியானது, எது பலவீனமானது என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை. என் பதிலும் அதைப் பற்றியதே.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். கடல்பனி என்பது கடல்நீரே உறைந்து மிதப்பது. பனியாற்றிலிருந்து உடைந்து விழும் பனிப்பாறை வேறு. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் குவிந்திருக்கும் பனி வேறு. கடல்பனி ஏற்கெனவே மிதப்பதால், அது உருகுவதால் கடல்மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். அதன் முக்கியத்துவம் வேறு இடத்தில் இருக்கிறது. வானிலிருந்து பொழியும் வெண்பனி படிந்த கடல்பனி தன்மேல் விழும் வெயிலில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பாது. பனி விலகிய இடத்தில் கடல் வெயிலைக் குடிக்கிறது, மேலும் பனி உருகுகிறது.

நாம் செய்திகளில் பார்க்கும் வரைபடங்கள் பெரும்பாலும் 1978 அக்டோபரில் தொடங்கும் பதிவிலிருந்து வந்தவை; 1979 அதன் முதல் முழு ஆண்டு. நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அப்போதுதான் ஏவப்பட்டது. அதில் இருந்த கருவி புகைப்படம் எடுக்கவில்லை. பூமி தானாகவே வெளியிடும் நுண்ணலைகளைக் கேட்டது. எல்லாப் பொருளும் நுண்ணலையை வெளியிடும். கடல்நீர் குறைவாக வெளியிடும், பனி அதிகமாக வெளியிடும். ஆகவே, உண்மையில் தண்ணீரைவிடக் குளிர்ந்த பனி, இந்தக் கருவியின் கண்ணுக்குத் தண்ணீரைவிடச் சூடானதாகத் தெரியும். மேகம் மறைத்தாலும் பார்க்கலாம், ஆறு மாத இருட்டிலும் பார்க்கலாம். துருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. பனியைக் கடலிலிருந்து பிரித்தறிய, பெரும்பாலும் 19, 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

பனியை எண்ணுவதற்கு ஒரு விதி இருக்கிறது. அது தெரியாமல் எண்களை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். கடலை 25 கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் 15 விழுக்காடு பனி இருந்தாலும் அந்தக் கட்டம் முழுவதையும் பனி பரவிய இடமாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். 625 சதுர கிலோமீட்டர் கட்டத்தில் உண்மையில் 100 சதுர கிலோமீட்டர் பனிதான் இருக்கிறது என்றாலும் 625 என்றே பதிவாகும். இதற்குக் காரணம் உண்டு. கோடையில் பனியின்மேல் உருகுநீர் குட்டை குட்டையாகத் தேங்கும். கருவிக்கு அந்தக் குட்டையும் கடலும் ஒன்றுபோலவே தெரியும். பனியின் சரியான பரப்பை அளக்க முயன்றால் கோடையில் பெரிய பிழை வரும். 'இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் கேட்டால் பிழை குறையும். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. காற்று பனியைச் சிதறடித்தால் பனி ஒரு துளிகூடக் கூடாமலேயே, இப்படிக் கணக்கிடும் 'பரவல்' கூடிவிடும். காற்று பனியை ஒரு மூலையில் ஒதுக்கினால் பரவல் சுருங்கிவிடும்.

இனி ஒட்டுகள். நிம்பஸ்-7 கருவி 1987 ஆகஸ்டில் நின்றது. அதற்கு அடுத்த கருவி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோளில் 1987 ஜூலையில்தான் வேலையைத் தொடங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பனியைப் பார்த்தது ஏறத்தாழ ஆறு வாரம், அதுவும் வடக்கே கோடைக் காலத்தில். அந்த ஆறு வாரத்தை வைத்துத்தான் முன்னதையும் பின்னதையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்கள். 1991 டிசம்பரில் இன்னொரு கருவி மாற்றம் நடந்தது. அந்த ஒட்டைக் கையாண்ட கணக்கீட்டில் இருந்த ஒரு வேறுபாடு, தென் துருவப் பனி கூடுவதன் வேகத்தையே கணிசமாக மாற்றிக் காட்டியதை ஐசன்மேன், மையர், நோரிஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2014-இல் எடுத்துக்காட்டினார்கள். தென் துருவத்தில் மாற்றம் ஏறத்தாழ இல்லை என்று 2007-இல் எழுதிய ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு), 2013-இல் தெளிவான அதிகரிப்பு என்று எழுதியது. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி கணக்கீட்டு முறையிலிருந்து வந்தது. கருவிகள் பழுதாவதும் உண்டு. 2009 பிப்ரவரியில் ஒரு கருவி மெல்லத் தடம் புரண்டு, ஆர்க்டிக் (வட துருவ) பனியை 5 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை குறைத்துக் காட்டியது. கொலராடோவில் உள்ள அமெரிக்கத் தேசியப் பனித் தரவு மையம் அதைத் தானே அறிவித்து, வேறு செயற்கைக்கோளுக்கு மாறியது. இப்படி வெளிப்படையாகத் திருத்தப்படும் பதிவின் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வட துருவச் சரிவு இந்தப் பிழைகள் எல்லாவற்றையும்விடப் பல மடங்கு பெரியது. தென் துருவத்தின் பழைய அதிகரிப்பு அப்படி இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட துருவத்தில் பனி மிகக் குறைவாக இருக்கும் மாதம் செப்டம்பர். 1981 முதல் 2010 வரையிலான செப்டம்பர் சராசரி ஏறத்தாழ 64 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பர் 17 அன்று அது ஏறத்தாழ 34 லட்சத்துக்கு இறங்கியது. 1979 முதலான முழுப் பதிவையும் எடுத்தால், அந்தச் சராசரியை ஒப்பிட்டு, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு என்ற வேகத்தில் குறைந்திருக்கிறது. ஆனால் 2005-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளை மட்டும் தனியே எடுத்தால், செப்டம்பர்ப் பனியில் புள்ளியியல் நோக்கில் உறுதியாகச் சொல்லத்தக்க சரிவு இல்லை. இதை மறைக்கத் தேவையில்லை. 2025-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையே இதைத் தலைப்பில் சொல்கிறது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? சூடேற்றம் தொடரும்போதே இருபதாண்டு அளவுக்குச் சரிவு தேங்கி நிற்பது கணினிக் காலநிலை மாதிரிகளில் அவ்வப்போது வரக்கூடியதுதான். கடல் நீரோட்டங்களும் காற்றும் பத்தாண்டுக் கணக்கில் ஊசலாடுகின்றன. அந்த ஊசலாட்டம் ஒரு காலத்தில் சரிவை வேகப்படுத்தும், இன்னொரு காலத்தில் தாமதப்படுத்தும். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளின் அதிர்ச்சியான வீழ்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு. இன்னொன்றும் இருக்கிறது: மெல்லிய பனி குளிர்காலத்தில் தடித்த பனியைவிட வேகமாக வளரும். கடலின் வெப்பம் மெல்லிய படலத்தின் வழியே எளிதில் வெளியேறிவிடுவதே காரணம். ஒரு மோசமான கோடைக்குப் பிறகு பரவல் ஓரளவு மீள்வதற்கு இதுவும் உதவுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரு செப்டம்பரை எடுத்துக் காட்டி, பனி மீண்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

பரவல் தேங்கிய அதே காலத்தில் பனியின் உடலுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் நான் கேட்கச் சொல்லும் கேள்வி. அதற்குத் தடிமனும் வயதும் வேண்டும்.

தடிமனின் பழைய பதிவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1958-இல் அமெரிக்காவின் நாட்டிலஸ் என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் வட துருவத்தின் அடியில் கடந்து சென்றது. அதன் பிறகு பனிப்போர் முழுவதும் நீர்மூழ்கிகள் அந்தப் பனிக்கு அடியில் திரிந்துகொண்டே இருந்தன. மேலெழும்ப வேண்டுமானால் தலைக்குமேல் பனி எவ்வளவு ஆழம் தொங்குகிறது என்பது மாலுமிக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக மேல்நோக்கிய சோனார் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் காகிதச் சுருளில் பதிந்தார்கள். அது உயிர் காக்கும் கருவி, அறிவியல் கருவி அல்ல. பனிப்போர் முடிந்ததும் அந்தப் பதிவுகள் வெளிவந்தன. கப்பலின் பாதை தெரிந்துவிடக் கூடாது என்று இடமும் நாளும் தோராயமாக்கப்பட்டே வெளிவந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராத்ராக் குழு 1999-இல் அவற்றை ஒப்பிட்டது. 1958 முதல் 1976 வரையிலான பயணங்களில், கோடை முடிவில் நீருக்கடியில் இருந்த பனியின் சராசரி ஆழம் 3.1 மீட்டர். 1990-களில் அது 1.8 மீட்டர். ஏறத்தாழ 40 விழுக்காடு காணாமல் போயிருந்தது. பரவலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இவ்வளவு பெரிய இழப்பு அப்போது தெரியவே இல்லை.

இப்போது தடிமனை வானத்திலிருந்து அளக்கிறார்கள். ஐரோப்பாவின் கிரயோசாட்-2 ரேடாரும், 2018-இல் ஏவிய நாசாவின் ஐஸ்சாட்-2 லேசரும் பனி நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பார்க்கின்றன. பனியின் விரிசல்களில் தெரியும் நீர்மட்டம் அதற்கு அடிப்படை. மேலே தெரிவது மொத்தத் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆகவே மேலே 3 சென்டிமீட்டர் தவறினால் தடிமனில் 30 சென்டிமீட்டர் தவறும். அதோடு, பனியின்மேல் படிந்த வெண்பனியின் எடை அதைக் கீழே அழுத்துகிறது. அந்த வெண்பனி எவ்வளவு என்று தெரியாமல் கணக்கு நிற்காது. இதற்கு இன்றும் பின்புலமாக நிற்பது சோவியத் ஒன்றியத்தின் மிதக்கும் நிலையங்களில் 1954 முதல் 1991 வரை ஆட்கள் நேரில் எடுத்த அளவுகள். பனித்தட்டின் மேல் கூடாரம் போட்டு, அது மிதந்து போகும் இடமெல்லாம் உடன்சென்று, அளவுகோலை வெண்பனியில் செருகி எடுத்த எண்கள் அவை. அவர்கள் நின்றது பழைய தடித்த பனி. இன்றைய புதுப் பனியில் வெண்பனி சேர்வதற்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை என்பதால் அந்த எண்களைத் திருத்தித்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த இடத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சு சரல் செயற்கைக்கோளின் ரேடார் அலை வெண்பனியின் மேற்பரப்புக்கு அருகிலேயே திரும்பிவிடும். கிரயோசாட்-2 அலை அதைவிட ஆழமாக, பனியை நோக்கி ஊடுருவும். இரண்டையும் கழித்து வெண்பனியின் தடிமனை அறிய முயன்ற ஆய்வுகள் மதிப்புமிக்கவை.

வயதுக் கணக்கு இன்னும் அழுத்தமானது. பனித்துண்டுகளின் நகர்வைச் செயற்கைக்கோள் படங்களிலும் மிதவைகளிலும் வாரந்தோறும் பின்தொடர்ந்து, எந்தப் பனி எத்தனை கோடையைக் கடந்தது என்று குறிக்கிறார்கள். 1985 மார்ச்சில் ஆர்க்டிக் பெருங்கடல் பனியில் மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் வயதானது. 2019 மார்ச்சில் அந்தப் பங்கு 1.2 விழுக்காடு. செப்டம்பர்ப் பரவலில் ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விவாதத்துக்கு இடமில்லை. இன்று இருப்பது பெரும்பாலும் ஓரிரு குளிர்காலம் மட்டுமே கண்ட இளம் பனி. 2012-ஐ இன்னும் தாண்டவில்லை என்பதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

சரி, 1979-க்கு முன்னால்?

கொஞ்சம் முன்னால் போனால் நிம்பஸ்-1. 1964 ஆகஸ்டு இறுதியில் ஏவப்பட்டு ஒரு மாதம்கூட ஓடாத செயற்கைக்கோள். அது அனுப்பிய படங்களை அப்போது தொலைக்காட்சித் திரையில் காட்டி, திரையைக் கேமராவால் படம்பிடித்து, படச்சுருளில் சேமித்தார்கள். சுருள்கள் வட கரோலினாவின் ஆஷ்வில் நகர ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. கொலராடோ மையத்தினர் அவற்றை வரவழைத்து, ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்து, மேகம் எது, பனி எது என்று கண்ணால் பிரித்து, பனியின் விளிம்பை வரைந்தார்கள். 1964 செப்டம்பரில் ஆர்க்டிக் பனி ஏறத்தாழ 69 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று தெரிந்தது. 1980-களின் தொடக்க அளவுகளோடு அது பொருந்துகிறது. அதாவது, செயற்கைக்கோள் பதிவு தற்செயலாகப் பனி மிகுந்த ஒரு காலத்தில் தொடங்கிவிட்டது, அதனால்தான் சரிவு பெரிதாகத் தெரிகிறது என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது. அண்டார்டிகாவின் கதை வேறு. 1964-இல் ஏறத்தாழ 1.97 கோடி, அடுத்த நிம்பஸ் எடுத்த 1966 ஆகஸ்டுப் படங்களில் ஏறத்தாழ 1.59 கோடி. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு பெரிய ஊசல்.

இன்னும் முன்னால் போக மனிதர்கள் எழுதிவைத்தவை துணை. திமிங்கில வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகள், டென்மார்க் வானிலைக் கழகம் வெளியிட்ட ஆண்டுப் பனி வரைபடங்கள், சோவியத் விமானங்களும் கப்பல்களும் 1933 முதல் குறித்த வரைபடங்கள் ஆகியவற்றையெல்லாம் சேர்த்து ஆய்வாளர் ஜான் வால்ஷின் குழு 1850 வரை மாதவாரியாக ஒரு பதிவை உருவாக்கியது. குளிர்காலத்தில் கப்பல் போகாது, எனவே பழைய குளிர்கால எண்களில் ஊகம் அதிகம். கோடை விளிம்பு ஓரளவு நன்றாகவே தெரியும். அந்தப் பதிவில் 1850 முதல் எந்தக் கோடையும் இன்றைய அளவுக்குக் குறையவில்லை. 1920 முதல் 1940 வரை வடக்கு சூடாக இருந்தது உண்மைதான். அப்போதும் இப்படி ஆகவில்லை.

கப்பல்களுக்கும் முன்னால் போகவேண்டுமானால் இயற்கை விட்டுவைத்த தடயங்களைத்தான் படிக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வட கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கிய மரங்கள். அங்கே மரமே வளராது. கரையில் கிடக்கும் கட்டைகள் சைபீரியாவின் ஆறுகளிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. வெறும் நீரில் மிதந்தால் கட்டை அவ்வளவு தூரம் வருவதற்குள் ஊறி மூழ்கிவிடும். பல ஆண்டுகள் நீடிக்கும் பனி சுமந்து வந்தால்தான் கரை சேரும். ஜானெட் என்ற கப்பல் 1881-இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதன் பொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அதைக் கண்டுதான் நார்வேயின் துருவ ஆய்வாளர் நான்சென் 1893-இல் தன் ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவைத்து, மூன்று ஆண்டுகள் அதோடு மிதந்தார். அதே பாதையில் வந்த கட்டைகளைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஸ்வென் ஃபுண்டர் குழு சேகரித்து, கார்பன் முறையில் வயது கண்டது. லார்ச் மரமாக இருந்தால் பெரும்பாலும் சைபீரியா, ஸ்புரூஸ் மிகுந்தால் வட அமெரிக்கா. ஆகவே பனி எந்தத் திசையில் ஓடியது என்பதும் தெரிகிறது. ஏறத்தாழ 8,500 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்வரை கட்டைகள் அரிதாகிவிடுகின்றன. அதே காலத்துக் கடற்கரையில் அலை அடித்துக் குவித்த மணல்மேடுகள் கிடைக்கின்றன. பனி மூடிய கடலில் அலை எழாது. அப்படியானால் அங்கே அப்போது கோடையில் திறந்த கடல் இருந்தது.

இதைப் பார்த்து 'முன்பும் பனி குறைந்திருக்கிறதே' என்று சொல்பவர்கள் சொல்வது சரி. குறைந்திருக்கிறது. காரணமும் தெரியும். அக்காலத்தில் பூமியின் அச்சுச் சாய்வும் சுற்றுப்பாதையும் வட கோடையில் இன்றைவிட அதிக வெயிலைக் கொடுத்தன. அந்த வெயில் அதன் பிறகு ஆயிரமாண்டுக் கணக்கில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி இன்று பனி மெல்லக் கூட வேண்டும், குறையக் கூடாது. பழைய சான்று இன்றைய மாற்றத்தை இன்னும் விளக்கம் தேவைப்படுவதாக ஆக்குகிறது. விளக்கமும் இருக்கிறது. நாட்ஸ், ஸ்ட்ரோவ் என்ற ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியபடி, செப்டம்பர்ப் பனியின் இழப்பு மனிதர் வெளியிட்ட மொத்தக் கரியமில வாயுவோடு ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கிறது. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 3 சதுர மீட்டர்.

கடலடி வண்டலிலும் தடயம் இருக்கிறது. பனியின் அடியில் ஒட்டி வாழும் சில நுண்பாசிகள் ஐபி25 எனப்படும் ஒரு கொழுப்புப் பொருளை உண்டாக்குகின்றன. வண்டலில் அது இருந்தால் மேலே வசந்தகாலப் பனி இருந்தது என்று பொருள். பிளிமத் பல்கலைக்கழகத்தின் சைமன் பெல்ட் குழு 2007-இல் இதை நிலைநாட்டியது. அது இல்லாவிட்டால் சிக்கல். பனியே இல்லாமலும் இருக்கலாம், வெளிச்சம் புகாத அளவுக்கு நிரந்தரப் பனியும் இருக்கலாம். வேறு பாசிகளின் தடயத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தென் துருவத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியாது. அங்கே நடுவில் நிலம், சுற்றிலும் பெருங்கடல். குளிர்கால முடிவில் ஏறத்தாழ 1.8 கோடி சதுர கிலோமீட்டர் வரை பரவும் பனி கோடையில் பெரும்பாலும் உருகிவிடும். பழைய பனி அதிகம் தங்காது. வெண்பனியின் எடையில் பனித்தட்டு அமிழ்ந்து, கடல்நீர் மேலேறி மறுபடி உறைவதால், தடிமனை வானிலிருந்து அளப்பதும் கடினம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அண்டார்டிகாவுக்குப் பயணம் செய்த ஸ்காட், ஷாக்கிள்டன் காலக் கப்பல் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள வெட்டல் கடலை விட்டுவிட்டுப் பார்த்தால் அன்றைய கோடைப் பனி ஏறத்தாழ இன்றைய அளவிலேயே இருந்திருக்கும் என்று 2016-இல் கணித்தார்கள். 2014-இல் முதல்முறையாக 2 கோடியைத் தாண்டிய பனி, 2016-இல் திடீரென விழுந்தது. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சம், அதே ஆண்டு செப்டம்பரில் 1.696 கோடி. குளிர்காலப் பதிவில் அதுவரை இருந்த மிகக் குறைந்த அளவைவிட இது ஏறத்தாழ 10 லட்சம் குறைவு. அதற்கு முந்தைய ஆண்டிலேயே பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் பேரரசப் பென்குயின்களின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் தப்பவில்லை. இறகு முளைத்து நீர்புகாத உடல் பெறுவதற்கு முன்பே காலடிப் பனி உடைந்துவிட்டது. அடியில் உள்ள கடலின் வெப்பம் மேலேறி, தென் துருவம் புதிய நிலைக்கு மாறிவிட்டது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த விளக்கம் வலுவாகவே தெரிகிறது. ஆனால் 1960-களின் ஊசலைப் பார்த்தவன் என்ற முறையில், வடக்கைப் பற்றிப் பேசும் உறுதியோடு அதைச் சொல்ல மாட்டேன்.

இப்போது இன்னொரு ஒட்டு நடந்துகொண்டிருக்கிறது. 1987 முதல் இந்தப் பதிவைத் தாங்கிவந்த அமெரிக்க இராணுவச் செயற்கைக்கோள் வரிசையின் தரவை நிறுத்தப்போவதாக 2025-இல் அறிவிப்பு வந்தது. பனித் தரவு மையம் ஜப்பானின் ஆம்சர்-2 கருவிக்கு மாறியது. அது 2012 முதல் இயங்குவதால், இரு பதிவுகளையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட முடிகிறது. 1987-இன் ஆறு வாரத்தோடு பார்த்தால் இது பெரிய வசதி. அதற்கு அடுத்த ஆம்சர்-3 கருவியையும் 2025 ஜூன் இறுதியில் ஜப்பான் ஏவிவிட்டது.

நீங்களே பார்க்க விரும்பினால் தினசரித் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு மாலையில் வரைந்துவிடலாம். நாள் எண்களை விட்டு மாதச் சராசரியை எடுங்கள். மார்ச்சையும் செப்டம்பரையும் தனித்தனியாக வரையுங்கள். வடக்கையும் தெற்கையும் கூட்டி ஒரே கோடாக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு காரணங்களால் இயங்குபவை. கருவி மாறிய 1987, 1991, 2025 ஆகிய ஆண்டுகளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அந்த இடங்களில் மட்டும் ஏதாவது துள்ளல் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பனியின் வயதுப் படத்தை, 1985 மார்ச்சையும் அண்மை மார்ச்சையும், பக்கத்தில் வையுங்கள்.